பார்த்துக்கொள்ள ஒரு படிப்பு

1993-ல் போடிக்குப் பக்கத்து ராசிங்காபுரத்திலிருந்து ஒரு பெண் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படிக்க மதுரைக்குப் போகிறாள் என்றால், அது என்ன படிப்பென்று விளக்குவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். டீச்சர் வேலையா, நர்ஸ் வேலையா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை, கஷ்டப்படுகிறவர்களுக்கு முறையாக உதவச் சொல்லித்தருவார்கள் என்றேன். என் பெரியம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கு எதுக்குத்தா காலேசு? இங்க யாரு யாரைப் பார்க்காம விட்டாக?" என்றார்.

அந்தக் கேள்வியில் அப்போது நியாயம் இருந்தது. விடிவதற்கு முன்பே ஜீப் வந்துவிடும். ஏலக்காட்டுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் தூக்குவாளியும் கொங்காணியுமாக ஏறிக்கொள்வார்கள். கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு வழியாகக் கேரளத்துக்குள் போய், பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத் தோட்டங்களில் இறங்குவார்கள். ஏலச்செடி காய்ப்பது தூரில். மழைக்காலத்தில் அட்டைக்கடியோடு நாள் முழுக்கக் குனிந்து, சரத்தில் முற்றிய காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். வீடு திரும்ப இருட்டிவிடும். அதுவரை பிள்ளைகளைத் தெருவில் இருக்கும் ஏதாவது ஓர் அப்பத்தா பார்த்துக்கொள்வார். படுக்கையில் கிடக்கும் மாமனாருக்குப் பக்கத்து வீட்டு மதினி கஞ்சி ஊற்றுவாள். யாரும் கூலி கேட்டதில்லை.

ஆனால் இதெல்லாம் சாதிக்குள் நடந்தது. காலனியில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று எங்கள் தெருவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் போகவும் இல்லை. எங்கள் தெருவிலேயே மனநிலை சரியில்லாத பையன் ஒருவனைத் தூணில் கட்டிப்போட்டுவிட்டு அவன் அம்மா ஜீப் ஏறுவார். அவிழ்த்துவிட்டுப் போனால் கூலிக்குப் போக முடியாது. போகாவிட்டால் அவனுக்கே சோறு இல்லை. எந்த மதினியாலும் அங்கே ஒன்றும் செய்ய முடியவில்லை. படிப்பு எதற்கு என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் அந்த வீடுதான்.

மதுரையில் பாடம் முழுக்க ஆங்கிலம். 1936-ல் பம்பாயில் டாடா அறக்கட்டளை இந்தப் படிப்பைத் தொடங்கியது, 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் சமூகப் பணிக்கான கல்லூரியை நிறுவியது என்று வரலாறு தொடங்கும். கோட்பாடுகளெல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்தவை. மேரி ரிச்மண்ட் 1917-ல் எழுதியதையும், ஃபீலிக்ஸ் பீஸ்டெக் 1957-ல் வகுத்த ஏழு நெறிகளையும் மனப்பாடம் செய்தோம். வாரத்தில் சில நாள் களப்பணி. யாரைப் பார்த்தோம், அவர் சொன்னது என்ன, நாம் சொன்னது என்ன, அப்போது நமக்குள் என்ன ஓடியது என்று ஒவ்வொரு சந்திப்பையும் விலாவாரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தைத்தான் இந்தப் படிப்பின் உயிர் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

போடிப் பக்கத்தில் களப்பணி செய்தபோது, கணவரை இழந்த ஒரு மூதாட்டிக்கு முதியோர் உதவித்தொகை வாங்கித்தர முயன்றோம். 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தமிழ்நாட்டில் தொடங்கிய திட்டம் அது. மனுவில், ஆதரிக்க ஆளில்லை என்று சொல்லி அவர் கைநாட்டு வைக்க வேண்டும். மை தடவிய பெருவிரலை அப்படியே நிறுத்திக்கொண்டார். "எம்மகன் எனக்குக் கஞ்சி ஊத்தலன்னு நானே ரேகை வைக்கணுமா? ஊருக்குள்ள அவன் எப்படித்தா நிமிர்ந்து நடப்பான்?" விரலைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மகனும் மருமகளும் ஏலக்காட்டுக் கூலிகள். வேலை இல்லாத நாளில் அவர்களுக்கே வழியில்லை.

முடிவு எடுக்கும் உரிமை உதவி கேட்பவருக்கே என்பது பீஸ்டெக்கின் நெறிகளில் ஒன்று. அடுத்த வாரம் மனுவைப் பையிலிருந்து எடுக்காமல் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டு மட்டும் இருந்தேன். அதற்கடுத்த முறை, மகனே கிராம நிர்வாக அலுவலரிடம் வந்து, தன்னால் முடியவில்லை என்று வாயால் சொன்னார். அதன் பிறகுதான் மூதாட்டி ரேகை வைத்தார். ஒரு மனுவுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் மானம் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

அந்த உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாயானது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வருகிறார்கள். 2023 ஜூனில் போடிக்கு ரயிலும் திரும்பி வந்தது. இவற்றில் எதையும் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெருவுக்கு ஒரு அப்பத்தா என்பது போய்விட்டது. பிள்ளைகள் திருப்பூரிலும் கோவையிலும் இருக்க, அப்பத்தாவே தனியாகக் கிடக்கிறார். மாத்திரை வருகிறது, அதை எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை. ஜீப் மட்டும் இன்னமும் விடிவதற்கு முன்பே வருகிறது.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் 2008-லேயே வலி, நோய்த்தணிப்புக்கென ஒரு கொள்கை வகுத்து, வீடு தேடிப் போகும் வேலையைப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைத்தது. எங்கள் பெண்கள் பகலெல்லாம் அந்தப் பஞ்சாயத்துகளின் மண்ணில்தான் வேலை செய்கிறார்கள். ரேஷன் கார்டு இந்தப் பக்கம், முதுகு வலி அந்தப் பக்கம். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளை காப்பகம் வேண்டும் என்றது. ஜீப்பில் போகிறவர்களின் பிள்ளைகள் மலையேறுவதே இல்லை. அதனால் அந்தச் சட்டம் அவர்களைத் தொடாமலே போனது.

இப்போது என்னிடம் களப்பணிக்கு வருகிறவர்களில் காய் எடுக்கும் பெண்களின் மகள்களும் இருக்கிறார்கள். நாங்கள் வகுப்பில் படித்துத் தெரிந்துகொண்டதை இவர்கள் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர்கள். என்ன படிப்பு என்று ஊரில் யாரும் இவர்களைக் கேட்பதில்லை, என்ன சம்பளம் என்றுதான் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல சமூகப் பணியாளருக்கு எம்.ஃபில். வரை தகுதி வகுத்துவிட்டது. அவ்வளவு படித்தவர்களுக்கு வட்டாரத்துக்கு ஒரு நிரந்தரப் பணியிடமாவது வேண்டாமா? ஒப்பந்த வேலையில் வருகிறவர்கள், ஒரு தெரு பழகி முடிப்பதற்குள் போய்விடுகிறார்கள். நம்பி வாசலில் உட்காரவைத்த குடும்பம் அடுத்தவரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மறுபடி சொல்லத் தெம்பில்லாமல் சிலர் பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள். இதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இந்த ஆண்டு ஒரு மாணவி ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டிருப்பது, ஜீப் போனதிலிருந்து திரும்பி வரும்வரை அந்த வீடுகளில் யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது. கைக்குழந்தை, படுக்கையில் கிடப்பவர், மனநிலை சரியில்லாதவர் என்று வீடு வீடாக எழுதுகிறாள். கேள்விகளைத் தமிழிலேயே தயாரித்திருக்கிறாள். வேலை முடிந்து வந்தவர்கள் நேராக அடுப்படிக்குப் போய்விடுவதால், தானும் ஜீப்பில் ஏறி மெட்டு வரை கேட்டுக்கொண்டே போகிறாள்.