சொம்புப் பிரமாணம்

தண்ணீரைப் பற்றி எழுதப் புகுந்த பெரியோர் யாவரும் அது மேகத்திலிருந்து இறங்குவதையும், மலையில் பிறந்து ஆறாக ஓடுவதையும், கடைசியில் சமுத்திரத்தில் சங்கமமாவதையும் விஸ்தாரமாக வர்ணித்திருக்கிறார்களே ஒழிய, அதே தண்ணீர் மாடித் தொட்டியிலிருந்து புறப்பட்டு, சமையலறைக் குழாயில் ஒரு கணம் தலைகாட்டி, பாத்திரம் துலக்கும் தொட்டியின் ஓட்டைக்குள் மறைகிற அந்த இருபதடி யாத்திரையில் அதற்கு நேருகிற கதி என்ன என்பதை விசாரித்தவர்கள் மிக அரியர். இக்குறையை இயன்ற மட்டும் நிவர்த்திக்கும் பொருட்டு, மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடியும் ஒரு சம்ப்பும் உடைய வீடு ஒன்றை ஆராய்ச்சிக் களமாகவும், அதில் வசிக்கும் நால்வரை ஆராய்ச்சிப் பொருளாகவும் வைத்துக்கொண்டு, அந்த நால்வரில் ஒருவனாகிய நான் செய்த முயற்சியின் பலனே இக்கட்டுரை.

முதலில் சொல்லை விசாரிப்பது சம்பிரதாயம். தண்மை என்றால் குளிர்ச்சி; ஆகவே தண்ணீர் என்பது குளிர்ந்த நீர். மார்கழி மாதத்து விடியற்காலையில், போர்வையை விட்டு வெளியே வராமலே 'சுடுதண்ணி ஆச்சா?' என்று குரல் கொடுக்கிற கிருகஸ்தன், சுடுகிற குளிர்ந்த நீரைக் கேட்கிறான் என்பதும், அவனுடைய மனைவி தர்க்க சாஸ்திர விரோதமான அந்தப் பதார்த்தத்தை ஐந்து நிமிஷத்தில் கொண்டுவந்து வைத்துவிடுகிறாள் என்பதும் கவனிக்கத்தக்கவை. நமது பாஷையின் மரபுத் தொடர்களை அளந்து பார்த்தாலோ இன்னும் பல உண்மைகள் புலப்படும். உதவாக்கரைப் பிள்ளையைத் தண்ணீர் தெளித்து விடுவதற்கு ஒரு கையளவு நீர் போதும்; கைவந்த காரியத்தைக் கை கழுவி விடுவதற்கு ஒரு சொம்பு வேண்டும்; உறவு ஒன்றை அடியோடு தலைமுழுகுவதற்கோ இரண்டு வாளிக்குக் குறையாமல் செலவாகும். ஆகவே சென்னைவாசிகள் இனிமேல் யாரையும் தலைமுழுகுவதைத் தவிர்த்து, தெளித்து விடுவதோடு நிறுத்திக்கொள்வதே பொருளாதார ரீதியில் உசிதம் என்று படுகிறது. ஊதாரியைப் பற்றி, 'பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறான்' என்று முன்னோர் சொன்ன உவமையும் இந்நகரத்தில் நிலைகொள்ளவில்லை. லாரித் தண்ணீர் வாங்கிய குடும்பங்களில் அது தலைகீழாகி, தண்ணீரைப் பணமாய்ச் செலவழிக்கும்படி ஒருவரையொருவர் கடிந்துகொள்கிறார்கள். கீழ் உத்தியோகஸ்தரைத் 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்' என்று பயமுறுத்தும் மேலதிகாரி, அந்தப் பயமுறுத்தலை எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு செய்கிறார் என்பதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

இந்த விசாரணைக்குத் தூண்டுகோலாக அமைந்தது 2019-ஆம் வருஷத்துக் கோடை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளிலும் மண் வெடித்துக் கிடந்த அந்தச் சமயத்தில், ஜூலை 12-ஆம் தேதியன்று, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கத்தில் வந்து இறங்கியது. ஊரெல்லாம் அந்த ரயிலைப் பார்த்துப் பரவசப்பட்டுக்கொண்டிருந்தபோது, கணக்கு இலாகாவில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய தோஷத்தினால் எனக்கு மட்டும் அதை வகுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது பொறியியல் நூல்களின் பிரமாணம். அதன்படி ஒரு நாளைக்கு 18,518 பேருக்குப் பங்கிட்டது போக 70 லிட்டர் மீதி நிற்கிறது. அந்த 70 லிட்டர் யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்கிற கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. என் மைத்துனர் ஒருவர் ஒரு வேளை ஸ்நானம் செய்யச் சரியாக அவ்வளவுதான் பிடிக்கும் என்பதனால், நான் அவரைச் சந்தேகித்ததுண்டு.

மேற்படி 135 லிட்டரைப் பிரித்துக் காட்டுகிற பட்டியல் ஒன்றைக் கட்டடப் பொறியியல் மாணாக்கர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். குடிக்க 5, சமைக்க 5, பாத்திரம் துலக்க 10, வீடு கழுவ 10, துணி துவைக்க 20, கழிவறைக்கு 30, குளிக்க 55. குடிப்பதைப் போல் பதினொரு மடங்கு குளிப்பதற்கு என்று விதித்திருக்கும் இந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள், மனிதன் உள்ளே இருப்பதைக் காட்டிலும் வெளியே அதிகம் பரந்திருக்கிறான் என்கிற தத்துவத்தை அறிந்தவர்களாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நான், என் மனைவி, மகன், மருமகள் என்று நால்வர். நான்கு பங்கு 540 லிட்டர். ஆனால் மாடியிலுள்ள ஆயிரம் லிட்டர்த் தொட்டியோ தினந்தோறும் காலையில் நிரம்பி, மறுநாள் காலையில் காலியாகி நிற்கிறது.

ஆகவே குடும்பத்தாரிடம் தனித்தனியே வாக்குமூலம் வாங்கினேன். மனைவி 80 லிட்டர் என்றாள், சமையலும் துணிமணியும் அடக்கம். மருமகள் 50, மகன் 45, அதுவும் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதைச் சராசரியில் சேர்த்துக்கொண்டதனால். என்னுடையதை மனச்சாட்சிக்கு விரோதமின்றி 40 என்று எழுதிக்கொண்டேன். மொத்தம் 215. எஞ்சிய 785 லிட்டரையும் இந்த வீட்டில் எவருமே தொடவில்லை என்பது நால்வரின் ஏகோபித்த அபிப்பிராயம். கண்ணுக்குப் புலப்படாத ஐந்தாவது ஆள் ஒருவர் எங்களோடு வசிக்கிறார் என்றும், அவர் நாளுக்கு மூன்று வேளை குளித்துத் துணியும் துவைக்கிறார் என்றும் கொண்டால் ஒழிய இந்தக் கணக்கு நேராகாது.

அந்த ஆசாமியைத் தேடப் புறப்பட்டதில் முதலில் அகப்பட்டது கொல்லைப்புறக் குழாயின் சொட்டு. வினாடிக்கு ஒரு சொட்டு வீதம், நாளைக்கு 86,400. மருந்துக்கடைக்காரர் கணக்கில் இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர். அப்படியானால் நாள் முழுவதற்கும் 4 லிட்டர் 320 மில்லிதான். இவ்வளவு அற்ப தொகைதானா என்று சமாதானமாகி, சரிபார்ப்பதற்காக இரவு பத்து மணிக்கு ஒரு வாளியை வைத்துக் காலை ஆறு மணிக்கு எடுத்துப் பார்த்தால், ஒன்றரை லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று லிட்டர் இருந்தது. குழாய்ச் சொட்டு மருந்துச் சொட்டைவிடக் கொழுத்தது என்கிற உண்மையை இவ்வாறு கண்டுபிடித்தேன். இதற்குப் பரிகாரம் சில ரூபாய் பெறுமானமுள்ள ஒரு வாஷர். சில ரூபாய் வாஷரைப் போடுவதற்காக மட்டும் எந்தப் பிளம்பரும் வீடு தேடி வருவதில்லை. குழாயையே மாற்றுவதாகச் சொன்னால் வருகிறார்கள்.

அடுத்தபடியாக, ஒரு லிட்டரைச் சுத்தம் செய்து கொடுப்பதற்குக் கூலியாக இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பி வைக்கிற ஆர்.ஓ. இயந்திரம். அதற்கும் அடுத்தபடியாக அகப்பட்டது, சொல்ல வெட்கமாயிருக்கிறது, நான். குழாயைத் திறந்துவிட்டுவிட்டு முகச்சவரம் செய்துகொள்ளுகிற என் முப்பது வருஷப் பழக்கத்தை வாளி வைத்து அளந்ததில், கன்னம் ஒன்றுக்கு ஒன்பது லிட்டர் வீதம் செலவாகிறது என்று தெரிந்தது. தாடி வளர்க்கும் முனிவர்கள் ஜீவநதிக் கரைகளிலும், தினந்தோறும் சவரம் செய்துகொள்பவர்கள் ஏரி வறண்ட நகரங்களிலும் வாசம் செய்யும்படி நேர்ந்திருப்பது விதியின் விபரீதமே.

இனி, மாடித் தொட்டி நிரம்பிவிட்டது என்கிற ஞானம் மனிதனுக்கு எவ்வாறு உண்டாகிறது என்பதைச் சற்று விரிவாக ஆராய வேண்டும். தர்க்க சாஸ்திரிகள் அறிவுக்கு வாயிலாகப் பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என்கிற நான்கு பிரமாணங்களை ஒப்புக்கொள்கிறார்கள். பிரத்தியட்சமாவது, ஏணி வைத்து ஏறித் தொட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பது. இதை எங்கள் வீட்டில் ஒரே ஒரு தடவை, ஒரு பல்லி உள்ளே விழுந்த சமயத்தில் அனுஷ்டித்தோம். மலையில் புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது போல, ஜன்னல் சன்ஷேடின் மேல் ஈரத்தைக் கண்டு தொட்டி நிறைந்ததை ஊகிப்பது அனுமானம். ஆனால் நவம்பர் மாதத்தில் மழையும் அதே ஈரத்தை உண்டாக்குவதனால் இங்கே ஹேது, அதாவது ஊகத்துக்கு ஆதாரமான அடையாளம், தோஷமடைகிறது. அடுத்த வீட்டு மோட்டார் நின்றுவிட்டது, நம்முடையதும் நிறைந்திருக்கும் என்று கருதுவது உபமானம். அடுத்த வீட்டுத் தொட்டி ஐந்நூறு லிட்டர் என்பது தெரியவந்தபிறகு இதைக் கைவிட்டோம். ஆகவே தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கம் முழுவதும் நம்பியிருப்பது நான்காவதாகிய சப்தப் பிரமாணம் ஒன்றையே. சாஸ்திரத்தில் சப்தம் என்பது ஆப்த வாக்கியம், அதாவது நம்பத்தக்கவர் சொல்லும் சொல். நமது வீடுகளில் அது மாடியிலிருந்து சிமென்டுத் தரையில் சடசடவென்று தண்ணீர் விழும் ஓசையும், அதைத் தொடர்ந்து 'மோட்டாரை நிறுத்துங்களேன்!' என்று சமையலறையிலிருந்து வரும் ஆப்த வாக்கியமும் ஆகும். இந்தப் பிரமாணத்தில் உள்ள ஒரே குறைபாடு, ஞானம் உதிப்பதற்கு முன் நாற்பது லிட்டர் கீழே போய்விடுகிறது என்பது.

என் தாயாருக்கு இத்தனை பிரமாணங்களும் தேவைப்படவில்லை. சொம்பு ஒன்றே அவருடைய பிரமாணம். 2003-ஆம் வருஷத்துப் பஞ்சத்தில் தெருவுக்குத் தெரு லாரி வந்து நின்ற காலத்தில், ஆட்களுக்குப் பிரதிநிதியாகப் பச்சையும் நீலமும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் குடங்கள் இரவெல்லாம் வரிசையில் நிற்க, விடியலில் பிடித்த நாலு குடத்தை வைத்துக்கொண்டு அவர் ஒரு குடும்பத்தையே குளிப்பாட்டினார். அரிசி களைந்த நீர் கறிவேப்பிலைச் செடிக்கு. காய்கறி அலம்பிய நீர் வாசல் தெளிக்க. துணி அலசிய நீர் கழிவறைக்கு. அவருடைய பிறந்தகத்தில் குளித்த தண்ணீர் கொல்லை வாழைக்குப் போய், வாழை இலை மேல் சாதமாகத் திரும்பி வந்ததாம். அந்தப் பஞ்ச வருஷந்தான் வீடுதோறும் மழைநீர் சேகரிக்க வேண்டும் என்று சட்டம் வந்து, நாங்களும் வாசலில் ஒரு குழி வெட்டிக் கூழாங்கல் நிரப்பினோம். அதன்மேல் இப்போது மகனுடைய ஸ்கூட்டர் நிற்கிறது. மறு வருஷம் வீராணம் தண்ணீர் வந்து சேர்ந்தது. அந்த ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவர எழுபதுகளில் முதன்முதலாகப் போட்ட திட்டத்தின் ராட்சதக் குழாய்கள் சாலையோரங்களில் வருஷக்கணக்காகக் கிடந்து, அவற்றுக்குள் தண்ணீருக்குப் பதிலாக வீடற்றவர்கள் குடித்தனம் நடத்தியதைப் பார்த்த தலைமுறை நாங்கள் என்பதனால், குழாய்க்குள் தண்ணீரே வந்ததைக் கண்டு மெய்ம்மறந்து, நாலே மாதத்தில் ஷவர் மாட்டிக்கொண்டோம்.

ஆராய்ச்சி இரண்டு வாரம் நடந்தது. ஒவ்வொரு குழாயின் கீழும் வாளி வைத்து அளந்து குறித்துக்கொண்டிருந்த என்னை என் மனைவி சற்று நேரம் பார்த்துவிட்டு, "அளந்த தண்ணியக் கீழ கொட்டாம இருந்தீங்கன்னாலே பாதி மிச்சமாகும்" என்றாள். இது விசாரணைக்குப் புறம்பான விஷயம் என்று அப்போது ஒதுக்கிவிட்டேன்.

சித்தாந்தம் கிடைத்தது எதிர்பாராத திசையிலிருந்து. எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாள், குழாயை முழுதும் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரின் கீழ் ஒவ்வொரு கரண்டியாகத் திருப்பித் திருப்பி அலசுவது வழக்கம். அவர் குடியிருக்கும் பகுதிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரி வருகிறது; தம் வீட்டுப் பாத்திரம் அத்தனையையும் நாலு சொம்பில் முடித்துவிடுவதாக அவரே ஒரு சமயம் சொல்லியிருக்கிறார். ஒரே மனுஷி இரண்டு வீட்டில் இரண்டு விதமாகத் துலக்குவானேன் என்று, ஆராய்ச்சியாளனுக்குரிய பணிவுடன் கேட்டேன்.

"இங்க கொழாய்ல வருது சார். அங்க இடுப்புல வருது."

சென்னையில் பெரும்பாலான வீடுகளில் மின்சாரத்துக்கு மீட்டர் உண்டு, தண்ணீருக்கு இல்லை. மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை, முழுகினாலும் முழுகாவிட்டாலும். உள்ளபடியே இருக்கிற மீட்டர் இடுப்பு ஒன்றுதான் என்பதும், அது பெண்களிடத்தில் மட்டுமே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதும் அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு விளங்கின. இதைப் பரிசோதிக்க வேண்டாமா? மறுநாள் காலை மாடித் தொட்டியின் வால்வை மூடினேன். கீழே சம்ப்பிலிருந்து பதினைந்து லிட்டர்க் குடத்தில் மொண்டு, வேண்டியவர்கள் வேண்டிய அளவு தாமே மாடிக்குச் சுமந்து செல்ல வேண்டும் என்று அறிவித்தேன். சாயங்காலம் வரையில் வீடு முழுவதற்கும் செலவானது பதினாறு குடம், 240 லிட்டர். ஆரம்பத்தில் நால்வரும் கொடுத்த வாக்குமூலத்துக்கும் அதற்கும் 25 லிட்டரே வித்தியாசம் என்பதையும், 785 லிட்டர் குடித்த ஐந்தாவது ஆசாமி அன்று வீட்டுப் பக்கமே வரவில்லை என்பதையும் மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறேன்.

என் பங்கில் ஆறாவது குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியின் வளைவில் மூச்சு வாங்க நின்றிருந்தபோது, அந்த அம்மாள் சாயங்கால வேலைக்கு வந்தார். "கொழாய் ரிப்பேரா சார்?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் குடத்தை வாங்கி இடுப்பில் வைத்து, இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று மேலே ஏறிப்போனார். அன்றைய பாத்திரங்கள் யாவும் ஒரு குடத்தில் துலங்கின. மிஞ்சிய ஒரு குடத்தில் பாதியை மறுநாளைக்கு மூடி வைத்துவிட்டு, பாதியைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் மூன்றுக்கு ஒன்று என்கிற வாக்கு வித்தியாசத்தில் வால்வு திறக்கப்பட்டது.