மணி பன்னிரண்டா? உட்காருங்கள்!

கே: எங்கள் ஊர் டயர் ஃபேக்டரிக்கும் பிரெஞ்சு சாப்பாட்டுக்கும் சம்பந்தம் உண்டாமே?
– வாசகர், தேர்வாய்கண்டிகை

ப: நெருங்கிய சம்பந்தம்! உங்கள் சிப்காட்டில் டயர் செய்யும் அதே மிஷெலின்தான் 1900-இல் பிரான்சில் கார் வைத்திருந்தவர்களுக்கு இலவசக் கையேடு போட்டது. வண்டியை எங்கே பழுது பார்க்கலாம், எங்கே தங்கலாம் என்று சொன்ன புத்தகம். ஊர் சுற்றினால்தானே டயர் தேயும்! 1926-இல் நல்ல சாப்பாட்டுக் கடைகளுக்கு நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

கே: அப்போ பிரெஞ்சுக்காரர்களின் பிஸ்த்ரோ என்பது நட்சத்திர ஹோட்டலா?
– வாசகர், பொன்னேரி

ப: இல்லவே இல்லை, உழைப்பாளிகளின் சாப்பாட்டுக் கடை. 19-ஆம் நூற்றாண்டில் ஓவெர்ன் மலைநாட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் பாரிஸ் வந்தவர்கள் தண்ணீர் சுமந்தார்கள், விறகும் கரியும் விற்றார்கள். கரிக்கடை மூலையிலேயே ஒயினும் ஊற்றிக் கொடுத்தார்கள். பிறகு சூடாகச் சாப்பாடும் போட்டார்கள். பாரிஸின் பழைய பிஸ்த்ரோக்கள் பல இப்படி முளைத்தவை. மிஷெலின் பிறந்த கிளெர்மோன்-ஃபெரான் நகரமும் அதே ஓவெர்னில்தான் இருக்கிறது. இன்றைக்கும் பிஸ்த்ரோக்களில் அன்றைய சாப்பாட்டைக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைப்பார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். காலையிலிருந்து அடுப்பில் இருப்பது அதுதான்.

கே: கையில் இரண்டு நாள் லீவு. பாரிசுக்கு எங்கே போவது?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

ப: மின்ரயிலில் சென்னை, அங்கிருந்து ஈ.சி.ஆர். பஸ்ஸில் புதுச்சேரி. 1954 நவம்பர் 1-இல் பிரான்சிடமிருந்து நிர்வாகம் கைமாறியது, 1962-இல் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. ஆனால் அடுப்பு அணையவில்லை. கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதியில் ரோமன் ரோலண்ட் வீதி, சுய்ப்ரேன் வீதிப் பக்கம் நடந்தாலே வெண்ணெய் வாசம் வரும். பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் மாலைவரை சமையலறையை மூடிவிடும் இடங்கள் உண்டு.

கே: நான் சுத்த சைவம். பிரெஞ்சு வெங்காய சூப் சாப்பிடலாமா?
– வாசகி, திருவள்ளூர்

ப: கேட்காமல் வாய் வைக்காதீர்கள். வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, வெண்ணெயில் சிறுதீயில் முக்கால் மணிநேரமாவது வதக்குவார்கள். பொன்னிறம் தாண்டிப் பழுப்பேறி, இனிப்பு இறங்கும். அதில் சாறு ஊற்றி, மேலே வாட்டிய ரொட்டி, அதன்மேல் சீஸ் தூவி, குமிழி விட்டுச் சிவக்கும்வரை அடுப்பில் வைப்பார்கள். எல்லாம் சரி, அந்தச் சாறு பெரும்பாலும் மாட்டெலும்பில் எடுத்தது! உங்களுக்கு ரத்தத்தூயி இருக்கிறது: கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய், சீமைச் சுரைக்காய் சேர்ந்த கூட்டு. சமையல்காரரிடம் இரண்டுமுறை உறுதி செய்துகொண்டு சாப்பிடுங்கள்.

கே: பிரான்சில் ஒரு மணிநேரம் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களாம். எங்களுக்குப் பத்து நிமிஷத்தில் சூப்பர்வைசர் விசில் ஊதிவிடுகிறாரே?
– ஒப்பந்தத் தொழிலாளி, கவரைப்பேட்டை

ப: படித்ததும் மனசு கனத்தது. பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டம், வேலை செய்யும் இடத்திலேயே சாப்பிட விடக்கூடாது என்று முதலாளிக்குத் தடை போட்டது. எழுந்து போய்ச் சாப்பிட்டவர்களாலும் பிஸ்த்ரோ பிழைத்தது. நம் 1948 தொழிற்சாலைச் சட்டமும் ஐந்து மணிநேர வேலைக்குள் குறைந்தது அரைமணி இடைவேளை என்று எழுதியது. 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீன் வைக்கச் சொல்லவும் வழி செய்தது. பத்து நிமிஷம் அந்த அரைமணியில் மூன்றில் ஒரு பங்குதான். சங்கத்தில் சொல்லுங்கள். சங்கம் இல்லையென்றால் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கு எழுதுங்கள்.

கே: பாரிஸ் பிஸ்த்ரோவில் டிப்ஸ்?
– வாசகர், மீஞ்சூர்

ப: சேவைக் கட்டணம் விலையிலேயே சேர்ந்திருக்கும். மனமிருந்தால் சில்லறை வையுங்கள். சாப்பாட்டோடு குடத்துத் தண்ணீரும் ரொட்டியும் இலவசம்.

கே: அம்மாவைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போகிறேன். கத்தி, ஃபோர்க் பிடிக்கத் தெரியாதே?
– வாசகி, ஊத்துக்கோட்டை

ப: ரொட்டியைக் கையால்தான் பிய்க்க வேண்டும். தட்டில் மிஞ்சிய சாறை அந்தத் துண்டால் துடைத்துச் சாப்பிட்டால் சமையல்காரருக்கே சந்தோஷம். அம்மாவுக்கு முள் நீக்கிய மீன் சொல்லுங்கள், ஸ்பூன் போதும். கடைசியில் கிரீம் கேரமல். அதில் முட்டை உண்டு. விரத நாளென்றால் பழம் கேளுங்கள்.