பாஸ்போர்ட்டுக்கு முன் பரேடு

கேள்வி: அமராவதி நகர் சைனிக் பள்ளி மாணவர்கள் வெளிநாடு சென்று அங்குள்ள பண்பாட்டை அறிய வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் அந்த விமானம் பரேடு மைதானத்திலிருந்துதான் கிளம்பும். அமராவதி அணைக்கு அருகே 1962-ல் தொடங்கிய இப்பள்ளியில் தேசிய மாணவர் படை (என்.சி.சி.) பயிற்சி உண்டு. 1948-ல் உருவான என்.சி.சி., நட்பு நாடுகளுடன் இளைஞர் பரிமாற்றத் திட்டத்தை நடத்துகிறது. மாநில அளவில் தேறுவோர் ஜனவரியில் டெல்லி குடியரசு தின முகாமுக்குச் செல்கிறார்கள். அங்கே டிரில், கலை நிகழ்ச்சி, நேர்முகம் ஆகியவற்றில் சிறந்து விளங்குபவர்களுக்கே பயண வாய்ப்பு. வியட்நாம், சிங்கப்பூர், இலங்கை போன்ற நாடுகளுக்குக் குழுக்கள் சென்றுள்ளன. நட்பு நாடுகளின் இளைஞர்களும் டெல்லி முகாமுக்கு வருகிறார்கள். அந்த வாய்ப்பு வரும்வரை மரம் நடுதல், நீர்நிலைத் தூய்மை முதலிய என்.சி.சி. தொண்டுகளை உள்ளூரிலேயே தொடங்கலாம். அதற்கு விசா வேண்டாம்.