தாழி உடைந்த டிசம்பர்

2011 டிசம்பர். கடலுக்கடியில் எண்ணெய் கொழிக்கும் நார்வேயில் வெண்ணெய்க்குப் பஞ்சம். கோடை மழையில் தீவனம் கெட்டு, பால் குறைந்தது. அந்த நேரம் பார்த்துத்தான், சோறு ரொட்டியை விட்டுக் கொழுப்பைத் தின்றால் இளைக்கலாம் என்று ஊரே கிளம்பியிருந்தது. அயல்நாட்டு வெண்ணெய் உள்ளே எட்டிப் பார்க்காதபடி இறக்குமதி வரி வாசலில் காவல் நின்றது. கிறிஸ்துமஸுக்கு ஏழு வகை பிஸ்கட் சுடுவது அங்கே குடும்ப கௌரவம். வெறும் மாவைப் பிசைந்தா கௌரவத்தைக் காப்பாற்றுவது? காரைக் கிளப்பிக்கொண்டு சுவீடனுக்குப் போனார்கள், வெண்ணெய் வாங்க. எல்லையில் ஒரு ரஷ்யர் பிடிபட்டார். காரில் 90 கிலோ. தங்கமில்லை, கஞ்சாவுமில்லை, சாட்சாத் வெண்ணெய். பிடித்த அதிகாரிகளின் வீட்டிலும் அன்று அடுப்பு காத்துக்கொண்டிருந்திருக்கும், பாவம்.