இடது கால், வலது கால், ஸ்டிக்கர்

நான் செயற்கைக் கால் செய்கிற கம்பெனியில் டெக்னீஷியன். தொழிலைச் சொன்னதும் எல்லோரும் "புண்ணியமான வேலை" என்கிறார்கள். சம்பள உயர்வு கேட்கப் போனால் முதலாளியும் அதைத்தான் சொல்கிறார். இத்தனை காலம் சேர்த்த புண்ணியத்தை அடமானம் வைத்துக்கொண்டு எந்த வங்கியும் எனக்கு வீட்டுக்கடன் தரவில்லை.

காலை இழந்தவர்தான் எங்கள் வாடிக்கையாளர் என்று வெளியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அவருக்கும் எங்களுக்கும் கொடுக்கல் வாங்கலே கிடையாது. பில் வேறு பெயருக்குப் போகும். ஏதாவதொரு அரசுத் துறை; லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழித்தாக வேண்டும் என்று சட்டம் சொல்வதால் மார்ச் மாதம் திடீரென்று மனம் இளகும் பெருநிறுவனம்; பிறந்தநாள் நெருங்கும் பிரமுகர். இவர்கள்தான் கால் வாங்குகிறவர்கள். அதை மாட்டிக்கொண்டு நடக்கப்போகிறவருக்குப் பயனாளி என்று பெயர். பயனாளிக்கு வாய் கிடையாது. கும்பிட இரண்டு கை இருந்தால் போதும்.

ஒரு கால் எப்படிப் பிறக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். என் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமே. வெட்டியதுபோக மிஞ்சியதை நாங்கள் ஸ்டம்ப் என்போம். அதற்கு உறை மாட்டி, எலும்பு எங்கே துருத்துகிறது என்று பென்சிலால் குறித்து, ஈரமான பிளாஸ்டர் பேண்டேஜைச் சுற்றி அச்சு எடுப்போம். அச்சுக்குள் பிளாஸ்டர் கரைசலை ஊற்றினால் ஸ்டம்பின் உருவம் வரும். அதை அரத்தால் இழைப்பதில்தான் கைவேலை. எடை தாங்கும் இடத்தில் சுரண்ட வேண்டும், அழுத்தினால் வலிக்கும் இடத்தில் பிளாஸ்டரை அப்ப வேண்டும். அதன்மேல் சூட்டில் இளகிய பாலிபுரொப்பிலீன் தகட்டைப் போர்த்திக் காற்றை உறிஞ்சினால் சாக்கெட். அப்புறம் குழாய், பாதம். அப்புறம் இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவரை நடக்கவிட்டுக் கோணத்தைத் திருத்தி, மறுபடி நடக்கவிட்டு, மறுபடி திருத்த வேண்டும். பாதம் சைஸ்வாரியாகக் கிடைக்கும். சாக்கெட் அப்படியில்லை, ஒருவருக்குச் செய்தது இன்னொருவருக்குச் சேராது. அவருக்கேகூட எல்லாக் காலத்துக்கும் சேராது. அறுவை சிகிச்சை முடிந்த மாதங்களில் வீக்கம் வடிந்து, சதை வற்றி, ஸ்டம்ப் சிறுத்துக்கொண்டே வரும்.

இனி முகாமுக்கு வாருங்கள். கல்யாண மண்டபம், டோக்கன், வரிசை. அளவெடுப்பது ஒரு நாள். காலும் சில வாரங்களில் தயாராகிவிடும். தயாரானால் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கிறவருக்கு நாட்டு நடப்பு தெரியாது. அமைச்சர் தேதி தர வேண்டும். முதலில் சட்டசபைக் கூட்டத்தொடர். அது முடிந்தால் ஆடி மாதம். பகுத்தறிவு பேசும் மாண்புமிகுவுக்கும் ஆடி ஆகாது. அதற்குள் எங்காவது இடைத்தேர்தல், நடத்தை விதி. பெயர்ச்சீட்டு கட்டிய கால்கள் எங்கள் கிடங்கில் கிடக்கும். ஊரில் ஸ்டம்ப் தன்பாட்டுக்குச் சிறுக்கும். அதற்கு யாருடைய தேதியும் தேவையில்லை.

விழா மேடைக்கு ஏறப் படிகள் இருக்கும், சாய்தளம் இருக்காது. விழா கால் இல்லாதவர்களுக்கானது, ஆனால் மேடை கால் உள்ளவர்களுக்கானது. ஆளுக்கு இரண்டு தொண்டர்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவர, அமைச்சர் காலை நீட்ட, போட்டோ. இடதுகாலைப் பறிகொடுத்தவர் கையில் வலதுகாலைக் கொடுத்துவிட்டதைப் பார்த்து நான் பதறியபோது, "போட்டோவுல தெரியாது, விடுங்க" என்றார் ஏற்பாட்டாளர். மேடையில் அப்படி; கொள்முதல் விவரக்குறிப்பில் இதைவிட மேல். ஸ்டிக்கர் எங்கே ஒட்ட வேண்டும், என்ன அளவு, யார் படம் எந்தப் பக்கம் என்பதெல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாக எழுதியிருந்தது. கொடுத்த பிறகு எத்தனை தடவை சரிபார்த்துத் தர வேண்டும் என்ற வரியைத் தேடினேன். விலை குறைவாகக் கேட்டவருக்குத்தான் டெண்டர். அந்த வரி இருந்தால் விலை கூடிவிடும்.

முன்னாள் லாரி டிரைவர் ஒருவர் முகாமில் வாங்கிய காலோடு எங்கள் பட்டறைக்கே தேடி வந்தார். சர்க்கரை நோய். முட்டிக்குக் கீழே எடுத்திருந்தார்கள். எங்கள் பாஷையில் பி.கே., அதாவது பிலோ நீ. "தம்பி, அளவெடுத்தப்ப கச்சிதமா இருக்கும்னு சொன்னீங்க. இப்ப உள்ளாற கால் நீச்சலடிக்குது" என்றார். சாக்கெட்டுக்குள் பழைய காலுறைகளைத் திணித்து நடந்திருக்கிறார். உணர்ச்சி மரத்த ஸ்டம்ப், உரசியது தெரியவில்லை. புண். புது சாக்கெட் கேட்டுப் போன இடத்தில் விதியைக் காட்டியிருக்கிறார்கள்: 1981 முதல் நடக்கும் மத்திய அரசின் 'அடிப்' உபகரண உதவித் திட்டத்தில் பெரியவர்களுக்கு அதே உதவி மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான். சதைக்கு அந்த அரசாணையின் நகல் போய்ச் சேரவில்லை. புண் புரையோடி, முட்டிக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. பி.கே. போய் ஏ.கே. ஆனார். அடுத்த முகாமின் பட்டியலில் அவர் பெயர் புதிதாக ஏறும். பயனடைந்தோர் எண்ணிக்கையில் ஒன்று கூடும். வளர்ச்சி என்பது இதுதான்.

வரியிலும் இதே கதைதான். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தது. குங்குமத்துக்கு வரி இல்லை, தங்கத்துக்கு 3 சதவீதம், சக்கர நாற்காலிக்கு 5. கேட்டதற்கு, வரியே இல்லையென்றால் உள்நாட்டுத் தயாரிப்பாளர் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாது என்று அரசு விளக்கம் சொன்னது. கணக்கு சரிதான். தங்கத்தில் செய்த சக்கர நாற்காலியாகக் கேட்காதது நம் ஆட்களின் பிழை.

மறுபடி முகாமுக்கு வருகிறேன். 2020 பிப்ரவரி 29 அன்று பிரயாக்ராஜில் ஒரே முகாமில் 26,000 பேருக்கு மேல், 56,000க்கும் அதிகமான உபகரணங்கள். பிரதமரே வந்தார். கொடுத்தது நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்தும் அதே காலில் நடக்கிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல எந்த முகாமும் பந்தல் போட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் தொழிலுக்கே ஒரு மூதாதை உண்டு. ஜெய்ப்பூர் கால் 1968இல் உருவானது. ரப்பரை வேகவைத்து வெறுங்காலோடும் நடக்கத்தக்க, குந்தி உட்காரத்தக்க பாதத்தைச் செய்த கைவினைஞர் ராமச்சந்திர சர்மா. கூடவே உழைத்த எலும்பு மருத்துவர் பி.கே. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. சேத்தி தகுதியானவர், சந்தேகமில்லை. ஆனால் அந்த விருதில் அரம் பிடித்த கையின் பெயர் இல்லை. பிளாஸ்டர் தூசியில் நான் இருமும்போதெல்லாம், இது பரம்பரை இருமல் என்று சொல்லிக்கொள்வேன்.

டிரைவர் கொண்டுவந்த காலில் ஸ்டிக்கர் மட்டும் சிராய்ப்பு இல்லாமல் பளபளத்தது. கீழே 'குறைகளுக்கு' என்று ஒரு செல்பேசி எண். அழைத்தேன். எடுத்தவர் ஃப்ளெக்ஸ் அச்சகக்காரர்.

"காலு எனக்குத் தெரியாது சார். ஸ்டிக்கர்ல அமைச்சர் பேர்ல ஏதும் பிழை இருக்கா சொல்லுங்க, இன்னைக்கே மாத்தித் தந்துடறேன்."