பீரோவின் நலம் நாடி ஒரு நன்றிக் கடிதம்

பெறுநர்: பள்ளி விளையாட்டுப் பொருள் கொள்முதல் குழுவினர்

பொருள்: மலிவுப் பயிற்சிக் கருவிகளை இன்றுவரை பள்ளிப் பக்கம் அண்டவிடாமல் காத்தமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக

ஐயா, அம்மையீர்,

விளையாட்டுச் சாமான்களைத் தாங்கள் எவ்வளவு கண்ணும் கருத்துமாகக் காத்து வருகிறீர்கள் என்பதற்குப் பள்ளிக்கூடப் பீரோக்களே சாட்சி. பந்தில் காற்று இல்லாவிட்டாலும் பதிவேட்டில் அதற்கு எண் இருக்கிறது. ஈட்டி பரண்மேல் படுத்திருக்கிறது, துரு மட்டும் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறது. தணிக்கைக்கு வருபவர் எண்ணினால் ஒன்றுகூடக் குறையாது. பிள்ளைகள் கையில் கொடுத்திருந்தால் இப்படிக் கணக்குக் காட்ட முடிந்திருக்குமா? உடற்கல்வி ஆசிரியரைக் குறை சொல்லவும் முடியாது. விலை உயர்ந்த சாமான் தொலைந்தால் யார் கட்டுவது என்று அவர் ஒருமுறை யோசித்தார், பூட்டு வாங்கினார். ஒரு பொருள் எவ்வளவு விலையோ அவ்வளவுக்கு அது வெளியே வருவது குறையும் என்னும் விதியைத் தாங்கள்தான் நடைமுறையில் நிறுவிக் காட்டியிருக்கிறீர்கள்.

சமக்ர சிக்ஷா திட்டத்தில் விளையாட்டுக்கென்று ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய் வரை, நடுநிலைப் பள்ளிக்கு 10,000 வரை, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 வரை ஒதுக்க வழி இருக்கிறது. தொகை போதாது என்று புலம்புகிறவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் போதாத தொகையில் எதை வாங்குகிறோம் என்பதில்தான் தங்கள் திறமை பளிச்சிடுகிறது. மூன்று கொட்டேஷன் வாங்கி, மார்ச் முடிவதற்குள், போட்டி விதிக்குப் பொருந்தும் சாமானாகப் பார்த்து வாங்குகிறீர்கள்: ஈட்டி ஒன்று, குண்டு ஒன்று, கூடைப்பந்து ஒன்று. நாற்பது பேர் வகுப்பு, நாற்பது நிமிடப் பீரியட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிறுத்தி, வருகை எடுத்து, மணியடிக்குமுன் வகுப்புக்குத் திருப்பியும் அனுப்ப வேண்டும். கைக்குக் கிடைப்பது இருபத்தைந்து நிமிடம். ஒரே ஈட்டியை எறிந்து, நடந்துபோய்ப் பிடுங்கி, திரும்பக் கொண்டுவர ஒரு நிமிடம் என்றால் மொத்தம் 25 எறிகள். பதினைந்து பிள்ளைகள் ஈட்டியைத் தொடாமலேயே ஈட்டி எறிதல் பாடத்தை முடித்துவிடுகிறார்கள். இதே வகுப்பில் முனைக்கு ரப்பர் மாட்டிய பத்து மூங்கில் கழிகள் இருந்தால், பத்துப் பேர் ஒரு விசிலுக்கு எறிந்து, அடுத்த விசிலுக்கு ஒன்றாகப் போய் எடுத்து வரலாம். சுற்றுக்கு இரண்டு நிமிடம் தாராளமாகக் கொடுத்தாலும் 120 எறிகள், தலைக்கு மூன்று. மூன்று என்பதும் சொற்பம்தான். இருந்தாலும் பூஜ்யத்துக்கும் மூன்றுக்கும் உள்ள தூரம் பெரிது. தங்கள் படிவத்தில் விலைக்கு ஒரு கட்டம், நிறுவனத்தின் பெயருக்கு ஒரு கட்டம், உத்தரவாதத்துக்கு ஒரு கட்டம் இருக்கின்றன. ஒரு பிள்ளைக்கு ஒரு பீரியடில் எத்தனை முறை வாய்ப்பு வரும் என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை.

விதிப்படியான சாமான்தான் தரம் என்பது தங்கள் கொள்கை. அந்த விதிகள் யாருடைய உடம்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்று பார்க்கலாம். கூடைப்பந்து வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருப்பது வளர்ந்தவர்களுக்கு. சிறுவர்களின் மினி கூடைப்பந்தில் அது 2.60 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது, பந்தும் சிறுத்துவிடுகிறது. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு ஒரு படி மேலே போய், 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தையே விலக்கிவிட்டது. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று வேகம் குறைந்த பந்துகளால்தான் அவர்கள் ஆட வேண்டும். பிள்ளையின் அளவுக்குக் கருவியைச் சுருக்கினால் ஆட்டம் தேறுகிறதா என்று பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த மதிப்பாய்வு ஒன்று 2016இல் ‘ஸ்போர்ட்ஸ் மெடிசின்’ இதழில் வந்தது. திறனும் தேறுகிறது, ஈடுபாடும் கூடுகிறது என்ற பக்கமே அதன் தராசு சாய்ந்தது. விதி என்பது கல்வெட்டும் அல்ல. 1984இல் கிழக்கு ஜெர்மனியின் ஊவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தார். ஈட்டி இப்படியே போனால் மைதானத்துக்குள் அடங்காது என்ற கவலை ஒருபுறம், அது மட்டமாக விழுவதால் அளப்பதில் எழுந்த தகராறு ஒருபுறம். 1986இல் ஆண்கள் ஈட்டியின் எடைமையத்தை நான்கு சென்டிமீட்டர் முன்னே தள்ளி வடிவத்தையே மாற்றினார்கள். மைதானம் சிறியதாக இருக்கிறது என்பதற்காகக் கருவியை மாற்றலாம், பிள்ளை சிறியதாக இருக்கிறது என்பதற்காக மாற்றக் கூடாது என்று தாங்கள் மட்டும் உறுதியாக நிற்பது வியப்பளிக்கிறது.

இன்னொரு செய்தியும் தங்களுக்கு அதிர்ச்சி தரலாம். தொடர் ஓட்டத்தில் கைமாற்றும் கோலுக்கு உலகத் தடகள அமைப்பு விதித்திருப்பது இவ்வளவுதான்: உள்ளே வெற்றிடமான, வழுவழுப்பான, விறைப்பான ஒரே துண்டுக் குழாய். நீளம் 28 முதல் 30 சென்டிமீட்டர், வெளிவிட்டம் சுமார் 40 மில்லிமீட்டர், எடை 50 கிராமுக்குக் குறையக் கூடாது. மரமோ உலோகமோ வேறு விறைப்பான பொருளோ எதுவானாலும் சரி. ஹார்டுவேர் கடையில் 40 மி.மீ. பி.வி.சி. பைப் கேட்டால் கிடைப்பது ஏறக்குறைய இதேதான். ஆறு மீட்டர் நீளத்தை அறுத்து, விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இருபது பிள்ளைகள் கையில் இருபது கோல்கள். ஒலிம்பிக் விதி ஏற்கும், தங்கள் பதிவேடு ஏற்காது. தடை தாண்டும் ஓட்டத்திலும் இதே கதை. விதிப்படியான தடையின் உயிர் அதன் சாயும் தன்மையில் இருக்கிறது. மேல்சட்டத்தின் நடுவில் 3.6 முதல் 4 கிலோ விசை பட்டால் அது கவிழ வேண்டும். பட்டறையில் கனத்த இரும்புக் குழாயை வைத்துப் பற்றவைத்து வாங்கும் தடையை இந்தக் கணக்கில் யாரும் சோதிப்பதில்லை. அது சாயாது, பிள்ளைதான் சாயும். செங்கல் இரண்டின்மேல் படுக்க வைத்த மூங்கில் குச்சி, கால் பட்டதும் உருண்டு விழும். எது உடைந்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துச் செய்வதுதான் வடிவமைப்பு. குண்டுக்குப் பதில் புளியங்கொட்டை நிரப்பிய துணிப்பை வைத்தால், குறி தவறினாலும் மண்டையை உடைக்காது, பிய்ந்தால் ஊசி நூல் போதும்.

பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. மூங்கில் பிளக்கும், எறிகிற திசையில் ஆள் நின்றால் ரப்பர் முனையும் வலிக்கும். சில இடங்களில் கைவேலையே கூடாது. உயரம் தாண்டுவோர் முதுகில் விழும் மெத்தைக்குப் பதில் வைக்கோல் பொதி போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். தரையில் ஊன்றிப் பிணைக்காத கால்பந்து கோல் கம்பங்கள் சாய்ந்து பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. தொடர் ஓட்டக் கோலிலும் குண்டிலும் மிச்சமாகும் பணம் மெத்தைக்கும் கம்பத்துக்கும் போகட்டும். மிச்சமானது என்று கஜானாவுக்குத் திருப்பி அனுப்பி, அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டைக் குறைக்க அது காரணமாகுமானால், இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள், பீரோவே பரவாயில்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் மூங்கிலும் பைப்புமா என்று தங்களில் யாராவது கொதிப்பார்கள். அந்தக் கொதிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வசதியான கிளப்பில் பயிலும் சிறுவனும் சிவப்புப் பந்தில்தான் தொடங்குகிறான், அதை யாரும் இழிவாக நினைப்பதில்லை. அசல் ஈட்டிக்கு வரிசையில் நின்று, அது கைக்கு வராமலே மணியடித்துவிடுவதுதான் அவமானம். இந்த இடத்தில், மரக்கொம்பைச் செதுக்கி எறிந்து பழகி, 2015இல் பெய்ஜிங்கில் 92.72 மீட்டர் எறிந்து உலகச் சாம்பியனான கென்ய வீரர் ஜூலியஸ் யெகோவைச் சாட்சிக்கு அழைப்பது வழக்கம். நான் அழைக்கவில்லை. இல்லாமையைத் தாண்டி ஒருவர் வந்துவிட்டார் என்பதற்காக இல்லாமை பாடத்திட்டம் ஆகிவிடாது. நான் கேட்பது பிள்ளையின் அளவுக்கு யோசித்துச் செய்த, எண்ணிக்கையில் நிறைந்த கருவி. அது மலிவாகவும் அமைகிறது என்பது தங்களுக்குக் கூடுதல் வருத்தம்.

ஆசிரியருக்கு ஏது நேரம் என்பதுதான் பதில் சொல்லக் கடினமான ஆட்சேபம். உடற்கல்வி ஆசிரியரே இல்லாத தொடக்கப் பள்ளியில், ஆசிரியர் கரும்பலகையை விட்டுவிட்டுப் பைப் அறுக்க முடியாது. அதனால்தான் இதைத் தங்களிடம் கேட்கிறேன். அளவு குறித்த வரைபடங்களைத் தாங்களே வெளியிடலாம், தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களிடம் செய்யச் சொல்லலாம், ஊர்த் தச்சரிடமும் சைக்கிள் கடையிலும் வாங்க ரசீது வழி திறக்கலாம். உடைவதை ஆண்டுதோறும் கழித்தெழுத ஆசிரியருக்கு உரிமை கொடுத்தால் பூட்டுக்கும் வேலை இருக்காது.

இப்படிக்கு,
வரிசையின் கடைசியில் நிற்போர் சார்பாக

இணைப்பு: 30 செ.மீ. பி.வி.சி. பைப் துண்டு ஒன்று. தாங்கள் அளந்து பார்க்கலாம். துண்டு பைப்புக்குக் கடைகளில் பில் போடுவதில்லை என்பதால் ரசீது இணைக்கப்படவில்லை.