எங்கிட்டுப் போகணும்? (கேள்வி – பதில்)

கொரிய மொழியில் வழி கேட்க எந்த வாக்கியத்தை முதலில் படிக்க வேண்டும்?
– வாசகி, செல்லூர்

கேள்வியைப் பிறகு பார்க்கலாம், பதிலை முதலில் படியுங்கள். கேட்பது இரண்டே சொல்தான். 'யொக் ஒதியேயோ?' என்றால் 'ஸ்டேஷன் எங்கே இருக்குங்க?' என்று கேட்டாயிற்று. சிக்கலே அதற்கப்புறம்தான். நீங்கள் கேட்ட அழகைப் பார்த்து, இவருக்கு மொழி நன்றாகத் தெரியும் என்று எதிரில் நிற்பவர் நம்பிவிடுவார். முழு வேகத்தில் பதில் வரும். அந்த வெள்ளத்தில் பிடித்துக்கொள்ள வேண்டிய சொற்கள் கொஞ்சம்தான்: ஒருன்ச்சொக் என்றால் வலது, வென்ச்சொக் என்றால் இடது, 'ச்சுக் கசேயோ' என்றால் நேரே போங்க. அப், முன்னால். துவி, பின்னால். யொப், பக்கத்தில். இவை காதில் விழுந்தவுடன் கை தானாக அந்தப் பக்கம் நீளும்வரை பழகுங்கள். கேள்வியை மட்டும் மனப்பாடம் செய்தவர் அழகாகக் கேட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே நிற்பார்.

மதுரைத் தமிழ் பேசுகிறவனுக்கு இதில் ஏதாவது சௌகரியம் உண்டா?
– வாசகர், திருமங்கலம்

நிறையவே உண்டு. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நாம் 'இங்கே, அங்கே' என்பதோடு நிறுத்துவதில்லை. இங்கிட்டு, அங்கிட்டு, எங்கிட்டு என்று பக்கத்தைச் சுட்டத் தனியாகச் சொல் வைத்திருக்கிறோம். கொரியர்களும் அப்படியே. இச்சொக் என்றால் இங்கிட்டு, ஜொச்சொக் என்றால் அங்கிட்டு, 'ஒனு ச்சொக்' என்றால் எங்கிட்டு. நடுவில் 'குச்சொக்' என்று ஒன்று இருக்கிறது. நாம் யாரிடம் பேசுகிறோமோ அவர் நிற்கிற பக்கத்தைச் சுட்டுவது. மதுரைக்காரருக்கு இது கொஞ்சம் புதிது. 'இது, உது, அது' என்று இன்றும் பேசுகிற யாழ்ப்பாணத்துக்காரர் உடனே பிடித்துக்கொள்வார்.

வாக்கியமும் நம் வரிசையில்தான் நடக்கும். 'யொகே ஒத்தொக்கே காயோ?' என்பதில் யொக் என்பது ஸ்டேஷன். அதன் வாலில் ஒட்டிய 'ஏ' நம்முடைய 'க்கு'. ஒத்தொக்கே, எப்படி. காயோ, போறதுங்க. ஸ்டேஷனுக்கு எப்படிப் போறதுங்க! எதையும் முன்பின் மாற்ற வேண்டாம். கடைசியில் வரும் அந்த 'யோ'வை மட்டும் விழுங்கிவிடாதீர்கள். அது நம் 'ங்க'. அதை விட்டால் முன்பின் தெரியாத பெரியவரை 'எங்கடா' என்று கேட்டது போலாகும்.

அப்படியானால் இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள்தானே?
– வாசகர், மேலூர்

ஆசை நல்ல ஆசை. 1905இலேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு சியோலில் ஒரு புத்தகம் போட்டார். ஆனால் மொழியியலாளர்கள் இன்றுவரை அந்த உறவை ஏற்றுக்கொள்ளவில்லை. அங்கேயும் 'அப்பா' இருப்பதாலேயே பங்காளி ஆகிவிட முடியாது. உறவு இல்லாமலே ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகலாம்.

அந்தக் கட்டம் கட்டமான எழுத்தைப் படிக்க எத்தனை வருடம் ஆகும்?
– பள்ளி மாணவி, உசிலம்பட்டி

வருடமா? ஒரு கோடை விடுமுறைக்கே மிச்சம் இருக்கும். எளியவரும் படிக்க வேண்டும் என்றே சேஜோங் மன்னர் உருவாக்கி 1446இல் வெளியிட்ட எழுத்து அது. அடிப்படை எழுத்துகள் 24தான். மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டத்துக்குள் உட்காரும். உயிர்மெய் தெரிந்த உங்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். நம் 'க' சொல்லின் முதலில் ஒரு மாதிரியும் நடுவில் ஒரு மாதிரியும் ஒலிக்கிறதல்லவா, அவர்களுடைய ககரமும் அப்படியே. ஒருன்ச்சொக்கில் வருகிற 'ரு'வை உதட்டைக் குவிக்காமல் சொல்லுங்கள். நம் குற்றியலுகரம்தான் அது. இந்த ஓர் ஒலிக்காக மற்ற நாட்டு மாணவர்கள் படுகிற பாடு உங்களுக்கு இல்லை.

தெருவில் போகிறவரை எப்படிக் கூப்பிடுவது? அண்ணே, அக்கா எல்லாம் செல்லுமா?
– வாசகர், ஆரப்பாளையம்

சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் அம்மாவை 'இமோ' என்பார்கள், அதாவது தாயின் சகோதரி. நம் மெஸ்களில் கேட்கும் 'யக்கா' மாதிரி. தெருவில் மட்டும் உறவு கொண்டாடாமல் 'ஜொகியோ' என்று கூப்பிடுங்கள். அது 'ஏங்க' மாதிரி எல்லோருக்கும் பொருந்தும். 'அஜும்மா' என்று எந்தப் பெண்ணையும் கூப்பிட்டுவிட வேண்டாம். வயதை நினைவூட்டினால் வழி கிடைக்காது.

மதுரையைப் போல சியோலுக்கும் ஊரை மனதில் வாங்கிக்கொள்ள ஒரு கணக்கு இருக்கிறதா?
– வாசகி, தெற்குவாசல்

உங்கள் முகவரியே பாதி பதில். நம் ஊரில் கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் விரியும். ஒவ்வொன்றிலும் நான்கு திசை. பழைய சியோல் மலைகளுக்கு நடுவே மதிலுக்குள் இருந்தது. 1396இல் கட்டத் தொடங்கிய மதில், திசைக்கொரு பெருவாசல். 'நம்தேமுன்' என்றால் தெற்குப் பெருவாசல். அதாவது உங்கள் பேட்டையின் பெயரேதான். 2008இல் அந்த வாசலின் மரக்கட்டு தீக்கிரையாகி, 2013இல் மீண்டும் எழுந்தது. மேற்கு வாசலான சொதேமுன்னை 1915இல் ஜப்பானிய ஆட்சி இடித்துவிட்டது. வாசல் போனாலும் சுரங்க ரயில் நிலையமும் வட்டாரமும் அதே பெயரில் இருக்கின்றன. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த பிறகும் கீழவாசலும் தெற்குவாசலும் நம் வாயில் நிலைத்துவிட்டனவே, அப்படி.

விலாசத்தில் நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் மனை எண்தான் விலாசம். பக்கத்துப் பக்கத்து வீட்டு எண்களுக்குள் ஒரு தொடர்பும் இருக்காது. நம் 'பழைய எண், புதிய எண்' தொல்லைக்கு அண்ணன். 2014 முதல் தெருப்பெயர் விலாசம் கட்டாயமானது. பெரிய சாலை 'ரோ', சின்னத் தெரு 'கில்'. இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை. கதவு எண்ணைப் பத்தால் பெருக்கினால், தெரு தொடங்கும் இடத்திலிருந்து ஏறக்குறைய அத்தனை மீட்டர். எண் 150 என்றால் ஒன்றரை கிலோமீட்டர்! வாசலில் ஒரு தகட்டை மாட்டியே தூரத்தையும் சொல்லிவிடுகிறார்கள். சுரங்க ரயிலில் வாசல்களுக்கும் எண் உண்டு. 'சாம் பொன் சுல்கு' என்றால் மூன்றாம் எண் வாசல். யாரையாவது சந்திப்பதானால் வாசல் எண்ணைக் கேட்காமல் போனை வைக்காதீர்கள்.

போனில் மேப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?
– வாசகர், கே.கே. நகர்

மேப்பும் வேண்டும்தான். அங்கே உள்ளூர்க்காரர்கள் நம்புவது நேவர் மேப்பையும் காக்காவோ மேப்பையும். வாயைத் திறக்கவே முடியாத நேரத்தில் 1330 என்ற சுற்றுலா உதவி எண்ணை அழைத்தால் ஆங்கிலத்திலும் உதவுவார்கள். ஆனால் சார்ஜ் தீர்ந்த போனோடு மழையில் நிற்கும்போது கைகொடுப்பது 'ஜொகியோ'தான்.

கொரியாவில் தொழிற்சாலை வேலை, மொழித் தேர்வு எழுதினால் போதும் என்கிறார் ஒரு ஏஜென்ட். நம்பலாமா?
– வாசகர், வாடிப்பட்டி

பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அவர் சொல்வது அரசுகளுக்கிடையே ஒப்பந்தம் போட்டு ஆள் எடுக்கும் திட்டம் என்றால், அதில் இலங்கை இருக்கிறது, இந்தியா இல்லை. படிக்கப் போவதும், ஆராய்ச்சிக்குப் போவதும், நிறுவனங்கள் நேரடியாக அழைப்பதும் வேறு வழிகள். ஏஜென்ட் எப்படியானாலும் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். சென்னையில் 2006 முதல் இயங்கும் இன்கோ மையத்தில் கொரிய வகுப்புகள் நடக்கின்றன. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் தொடங்கி, கொரியம் தெரிந்தவருக்கு அந்த வட்டாரத்தில் மதிப்பு உண்டு.

கிழக்குக் கோபுர வாசலில் ஒரு கொரியர் வந்து 'மஹால் ஒதியேயோ?' என்றால் என்ன சொல்வது?
– பூ வியாபாரி, கீழ ஆவணி மூல வீதி

முதலில் 'ச்சுக் கசேயோ' என்று கிழக்கே கையைக் காட்டுங்கள். கீழ மாசி வீதி வந்ததும் 'ஒருன்ச்சொக்'. அங்கிருந்து விளக்குத்தூண் வரை மறுபடியும் 'ச்சுக் கசேயோ'. மிச்சத்தை விளக்குத்தூணில் யாரிடமாவது கேட்கச் சொல்லுங்கள். அங்கே நிற்பவர் மஹால் வாசல் வரை கூடவே நடந்து கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் திரும்புவார்.